ஆரோன் வரைந்த படங்கள்: ஒரு திறனாய்வு

பொறி ஓவியம் தீட்டுகிறது என்னும் செய்தி இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. சில சொற்களைத் தட்டச்சு செய்தால் படம் தரும் மென்பொருள்கள் 2022 ஆம் ஆண்டு முதல் எளியோர் கைக்கும் எட்டிவிட்டன. அவை ஈன்ற படங்களைத் திருச்சபை விழா அழைப்பிதழ்களிலும் கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்களிலும் நாம் காண்கிறோம். இவற்றைக் கண்டு ஒரு சாரார், பொறியும் கலைஞனாயிற்று என்று கொண்டாடுகின்றனர். மற்றொரு சாரார், குறிப்பாக நம் வட்டாரத்தில், படைத்தல் கடவுளுக்கே உரியது, அவர் சாயல் பெற்ற மனிதனுக்கு அதிலே சிறு பங்குண்டு, பொறிக்கோ யாதும் இல்லை என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுகின்றனர். தீர்ப்புகள் வேறாயினும், இரு சாராரிடமும் உள்ள குறை ஒன்றே. அவர்கள் படங்களைப் பார்ப்பதில்லை.

கலைத் திறனாய்வு கலைப்பொருளிலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே ஒரே ஒரு பொறியையும் அது வரைந்த படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் நிறைகுறைகளை இங்கு ஆராய விழைகிறோம். அப்பொறியின் பெயர் ஆரோன். பெயரைக் கண்டதும் இறையியல் மாணவர் நிமிர்ந்து உட்காருவர் என்பதை அறிவோம். பெயரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

ஆரோனை உருவாக்கியவர் ஹெரால்ட் கோஹென். 1928 இல் இலண்டனில் பிறந்தவர். அந்நகரின் ஸ்லேடு கலைப்பள்ளியில் பயின்றவர். 1966 இல் வெனிஸ் நகரத்து ஈராண்டுக் கலைவிழாவிற்குப் பிரிட்டன் சார்பில் சென்ற கலைஞர் ஐவருள் ஒருவர் என்றால், தம் நாட்டு ஓவியருள் அவர் பெற்றிருந்த இடம் விளங்கும். வண்ணங்களைக் கையாளுவதில் வல்லவர் என்று பெயர் பெற்றிருந்தார். 1968 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் தியேகோ வளாகத்திற்கு ஆசிரியராகச் சென்றவர், நாற்பதாம் வயதில் அங்கே கணிப்பொறிக்கு ஆணை எழுதக் கற்றார். ஈராண்டு பயிற்சி பெற்றுப் புதுமை காட்டிவிட்டுத் திரும்புபவராக அவர் இருந்திருந்தால் நாம் அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. 2016 இல் மறையும் வரை, ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள், ஒரே நிரலைத் திருத்தியும் கலைத்தும் மீண்டும் எழுதியும் வந்தார். ஒரே திருமறை நூலுக்கு வாழ்நாள் முழுவதும் உரை எழுதிய அறிஞரைப் போன்றவர் அவர்.

கோஹென் விடை தேட முனைந்த வினா மிக எளியது. தாளின் மீது கிடக்கும் கோடுகள் எப்பொழுது படமாகின்றன? மைக்கறை கறையாகவே நிற்பதற்கும், ஒன்றன் உருவமாகத் தோன்றுவதற்கும் இடையே நிகழ்வது என்ன? ஓவியன் தன் கையால் வரையும்போது இவ்வினாவிற்கு விடை கிட்டாது. கை தானறியாமலே ஆயிரம் செயல்களைச் செய்துவிடுகிறது. ஒன்றும் அறியாத பொறிக்குக் கற்பிக்கும்போதோ ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். கற்பிப்பவனே தான் அறிந்ததை அப்போதுதான் அறிகிறான். மறைக்கல்வி வகுப்பில் சிறுவருக்குத் திருவிருந்தின் பொருளை விளக்க முயன்ற ஆயர் எவருக்கும் இது புதிதன்று.

1973 ஆம் ஆண்டை ஒட்டி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது ஆரோன் உருப்பெறலாயிற்று. அக்காலத்தில் அவர் கலிபோர்னியாவின் சால்பன்ட் பள்ளத்தாக்கில் பழங்குடியினர் பாறையில் செதுக்கிய உருவங்களைக் கண்டார். அவற்றைச் செதுக்கியோர் எதைக் கருதினர் என்று இன்று சொல்வாரில்லை. எனினும் அவை வெறுங்கீறல்கள் அல்ல, எதையோ குறிப்பன என்பதைப் பார்ப்பவர் எவரும் உணர்கின்றனர். பொருள் மறைந்தபின்னும் பொருளுடைமை எஞ்சி நிற்பது எங்ஙனம்? பார்வையாளர் எக்காலத்தவராயினும், எந்நாட்டினராயினும், சில அடிப்படை வேறுபாடுகளைக் கண்டுகொள்கின்றனர் என்பது கோஹென் கண்ட விடை. மூடிய உருவம் ஒன்று, திறந்த உருவம் ஒன்று; உட்புறம், வெளிப்புறம்; உருவம், பின்புலம். இவ்வேறுபாடுகளை ஆரோனுக்குக் கற்பித்தார். மரம் எது, மனிதன் எது என்று அப்பொழுது ஆரோனுக்கு எதுவுமே தெரியாது.

அது கோடு இழுக்கும் முறையையும் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் அதிலேதான் பல திறனாய்வாளர் தவறுகின்றனர். முன்னமே கணக்கிட்டு வைத்த வளைவை ஆரோன் படியெடுப்பதில்லை. புறப்படும் இடமும் சேரும் இடமும் மட்டுமே குறிக்கப்படும். பேனா நகர நகர, இலக்கு எத்திசையில் உள்ளது, எத்துணைத் தொலைவில் உள்ளது என்று மீண்டும் மீண்டும் கணக்கிட்டுத் திசையைத் திருத்திக்கொள்ளும். சேற்று வரப்பில் மிதிவண்டி ஓட்டுபவன் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிச் செல்வதை ஒத்தது இது. அதனால் அக்கோட்டிலே மனிதக் கையின் தயக்கமும் துணிவும் தென்படுகின்றன. இவை மேலே பூசப்பட்ட ஒப்பனையல்ல. திருத்திக்கொண்டே செல்லும் எதுவும் இவ்வாறுதான் செல்லும்.

ஆரோனுக்குக் கண்ணில்லை. தான் வரைந்த தாளை அது பார்ப்பதே இல்லை. எங்கே எதை வரைந்தோம் என்னும் குறிப்பை மட்டும் தன் நினைவிலே வைத்திருக்கிறது. இங்கே ஒரு மூடிய உருவம் இருக்கிறது, அதன் வலப்புறம் வெற்றிடம், அவ்வெற்றிடத்தில் எதை இடலாம் என்று அக்குறிப்பைக் கொண்டே முடிவெடுக்கிறது. படம் நிறைந்துவிட்டதா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. விதிகள் பல வழிகளுக்கு இடம் கொடுக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்வதற்குக் குருட்டு எண் ஒன்று பயன்படுகிறது. இதனைக் கண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்ட படம்தானே என்பாருளர். அது பொருந்தாது. சீட்டு விழக்கூடிய எல்லையை விதிகளே வகுக்கின்றன. விழுந்தபின் அடுத்த அடியை அதற்கு ஏற்பவே வைத்தாக வேண்டும். இரண்டு படங்கள் ஒருபோதும் ஒத்திருப்பதில்லை. ஆயினும் எல்லாப் படங்களும் ஒரு கையெழுத்தை உடையன.

இவ்விடத்தில் நம் நாட்டுச் செய்தி ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. கோஹென் ஸ்டான்போர்டில் உழைத்த அதே ஆண்டுகளில், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியரான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் இணைந்து, தமிழ்ப் பெண்கள் வாசலில் இடும் கோலங்களின் இலக்கணத்தைக் கணிப்பொறியியல் மொழியில் வகுத்தார். அவர்தம் கட்டுரை 1974 இல் வெளிவந்தது. புள்ளியும் இழையுமாகிய கோலத்தைச் சில விதிகளால் ஈன்றெடுக்கலாம் என்று அவர்கள் காட்டியது உலகக் கணிப்பொறியியலாரின் கருத்தைக் கவர்ந்தது. நம் இறையியல் வட்டாரத்தில் அதனை அறிந்தோர் சிலரே என்பது வருந்தத்தக்கது. ஆயின் இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடுண்டு. கோல இலக்கணம் முன்பே இருக்கும் ஒரு மரபை ஆராய்ந்து அதன் விதியைக் கண்டெடுத்தது. அவ்விதியின்படி சென்றால் பிழையற்ற கோலம் கிட்டும். ஆரோனுக்கோ பிழையற்ற படம் என ஒன்றில்லை. அடுத்த கோடு எதுவாதல் வேண்டும் என்பது இதுவரை விழுந்த கோடுகளைப் பொறுத்தது. முன்னது இலக்கணம் என்றால், பின்னதைச் சொல்லாடல் எனலாம்.

இனி, படங்களுக்கு வருவோம். 1970 களின் பிற்பகுதியிலும் 1980 களின் தொடக்கத்திலும் ஆரோன் வரைந்தவை வெண்தளத்தில் கருங்கோடுகள் மட்டுமே. ஒழுங்கற்ற மூடிய வடிவங்கள் கூழாங்கற்களைப் போலச் சிதறிக் கிடக்கும். சில உள்ளே கீறலிடப்பட்டிருக்கும்; சிலவற்றின் மருங்கே நெளிகோடு ஒன்று ஓடித் திடுமென நின்றுவிடும். ஓரிடத்தில் நெருக்கம், மற்றோரிடத்தில் வெறுமை. இவற்றைக் கண்டவர் பாறை என்றும் பறவை என்றும் மீன் என்றும் விலங்கு என்றும் சொன்னார்கள். ஆரோன் இவற்றுள் ஒன்றையும் அறியாதது என்பதை நினைவிற் கொள்க. வரைந்தவர் மனத்தில் இல்லாத பொருள் பார்ப்பவர் மனத்தில் எழுகிறது. ஆக்கியோன் கருத்தே நூலின் பொருள் எனச் சாதிக்கும் விளக்கவியல் மாணவர் இப்படங்களின் முன் சற்று நேரம் நின்றால் நலமாயிருக்கும். பொருள் முழுவதும் வாசகனிடமே உள்ளது என்று மறுபக்கம் சாதிப்பவரும் நிற்கட்டும். ஏனெனில் எந்தக் கீறலிலும் மீன் தோன்றிவிடுவதில்லை. விதிகள் அதற்கு வழி செய்திருக்க வேண்டும்.

1977 இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியிலும், 1979 இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலைக்கூடத்திலும், ஆமை என்று அழைக்கப்பட்ட சிறு சக்கரப் பொறி ஒன்று பேனாவைச் சுமந்துகொண்டு தரையில் விரித்த தாளின் மீது ஊர்ந்து வரைந்தது. கூட்டம் திரண்டது. ஆயின் கூட்டம் ஆமையைப் பார்த்ததே ஒழியப் படத்தைப் பார்க்கவில்லை. ஆமையே ஓவியர் என்று எண்ணினர். கோஹென் அதனை ஒதுக்கிவிட்டு, எவரும் திரும்பிப் பாராத வரைபொறிக்கு மாறினார். 1959 இல் பாரிசில் ஜான் டிங்லி காட்சிக்கு வைத்த வரையும் எந்திரங்கள் இதற்கு நேர்மாறானவை. அங்கே எந்திரத்தின் ஆட்டமே கலை, கோடுகள் பொருட்டல்ல. கைத்திறனைப் போற்றிய ஓவியரைக் கேலி செய்வதே அதன் நோக்கம். கோஹென் எவரையும் கேலி செய்யவில்லை. அதனாலேயே அவருக்குச் செய்தித்தாள்களில் புகழ் குறைவு போலும்.

1980 களின் நடுப்பகுதியில் ஆரோனுக்கு உலகம் அறிமுகமாயிற்று. குழந்தைகள் கிறுக்கும் முறையைக் கோஹென் கூர்ந்து நோக்கியிருந்தார். கிறுக்கலைச் சுற்றி ஒரு கோட்டை வளைத்து அதனை உள்ளடக்கும் கணத்தில்தான் குழந்தை வரையத் தொடங்குகிறது என்பது அவர் கண்டது. அதன்படி ஆரோன் முதலில் எலும்புக்கூடு போன்ற உட்கருவை அமைத்து, அதனைச் சுற்றிப் புறக்கோடு இழுக்கலாயிற்று. செடி எவ்வாறு கிளைக்கும், மனித உடலின் மூட்டுகள் எவ்வளவு மடங்கும், ஒற்றைக் காலில் நிற்பவன் விழாதிருக்க எப்பக்கம் சாய்வான் என்பவை விதிகளாயின. 1988 ஆம் ஆண்டின் 'கோகனின் கடற்கரையில் ஒரு சந்திப்பு' என்னும் ஓவியம் இக்காலத்தின் சிறந்த சான்று. கோடுகள் ஆரோனுடையவை, எண்ணெய் வண்ணம் கோஹென் கையால் தீட்டியது. அடர்ந்த இலைகளிடையே மனிதர் நிற்கின்றனர்.

இவ்வோவியங்களைப் பலர் ஆரோனின் உச்சம் என்று கூறுவர். நமக்கு அதிலே உடன்பாடில்லை. மூட்டுகள் சரியாக உள்ளன. உடல்கள் விழாமல் நிற்கின்றன. இலைகள் மிக அழகியவை. ஆயின் மனிதர் அருகருகே நின்றும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. சந்திப்பு என்று தலைப்பிட்டது ஓவியர். பொறி அறிந்ததோ அருகாமை மட்டுமே. கருங்கோட்டுப் படங்களில் நெளிகோடு ஒன்று மூடிய உருவத்தை நெருங்கி விலகும்போது அங்கே ஓர் உறவு பிறந்தது. ஏனெனில் வெற்றிடம், நெருக்கம், விலகல் ஆகியவற்றை ஆரோன் தன் அளவில் உண்மையாகவே கையாண்டது. மனித உடலைப் பற்றிய செய்திகள் அதற்கு வெளியிலிருந்து ஓதிக் கொடுக்கப்பட்டவை. குறைவாக அறிந்தபோது நிறைவாகப் பேசிற்று. நிறைய அறிந்தபின் ஒப்பிக்கத் தொடங்கிற்று. முதலாண்டு மாணவரின் எளிய சான்றுரை, மூன்றாமாண்டில் நூற்சுமை ஏறிய மறையுரையாவதை நாம் கண்டதில்லையா?

வண்ணம் வேறு கதை. இரண்டு பத்தாண்டுகள் ஆரோன் கோடிட்டது, கோஹென் வண்ணமிட்டார். வண்ணத்தில் தேர்ந்தவரே அதனைப் பொறிக்குக் கற்பிக்க இயலாமல் திகைத்தார். காரணம் எளிது. ஓவியன் ஒரு நிறத்தை இடுகிறான், பார்க்கிறான், மாற்றுகிறான். கண்ணில்லாத பொறி எதைப் பார்க்கும்? 1990 களின் தொடக்கத்தில் நிரல் முழுவதையும் சி மொழியிலிருந்து லிஸ்ப் மொழிக்கு மாற்றி எழுதியபின்னரே வழி பிறந்தது. நிறத்தின் பெயரைவிட அதன் வெளிச்ச அளவே முதன்மையானது என்று அவர் கண்டார். எது இருண்டது, எது ஒளிர்வது என்னும் உறவைச் சரியாக அமைத்துவிட்டால், அதன்மேல் பச்சையா நீலமா என்பதிலே பெரும் உரிமை உண்டு. பாராமல் வண்ணமிடுதலைப் பற்றிய அவருடைய கட்டுரை, ஓவியம் பயிலும் மாணவர்க்குப் பாடமாக வைக்கத் தக்கது. 1995 இல் பாஸ்டன் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் ஆரோனின் கை சாயங்களைத் தானே கலந்து தீட்டிற்று. கிண்ணங்களைத் தானே கழுவிக்கொண்டது. மறுபடியும் மக்கள் கிண்ணம் கழுவும் அழகையே பார்த்தனர் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கையும் பின்னர் ஓய்வு பெற்று, அகன்ற அச்சுப்பொறிகள் அதன் இடத்தைப் பெற்றன. 2000 க்குப் பிந்திய இலைப் படங்களில் மனிதர் இல்லை. நிறங்கள் ஒன்றையொன்று ஏந்தி நிற்கும் அழகைக் காணும்போது, கருங்கோட்டுக் காலத்தின் நேர்மை திரும்பிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆரோன் தானே வளர்ந்ததா? இதுவே வாசகர் கேட்க விரும்பும் வினா. இல்லை என்பதே விடை. படத்துக்குப் படம் மாறுபட்டது, ஆண்டுக்காண்டு மாறியது, ஆனால் தன் விதிகளில் ஒன்றையேனும் அது தானாகத் திருத்தியதில்லை. ஓராயிரம் படங்கள் வரைந்தபின்னும் ஆரோன் முதற்படத்தின்போது அறிந்ததையே அறிந்திருந்தது. வளர்ந்தவர் கோஹென். அவரும் இதனை மறைத்தவரல்லர். தன்னைத்தானே மாற்றிக்கொள்ளாத நிரலைப் படைப்பாற்றல் உடையது என்று சொல்ல அவர் தயங்கினார். மறுபுறம், இது வெறுங்கருவி, தூரிகை போன்றது என்பதையும் அவர் ஏற்கவில்லை. தூரிகை இரவெல்லாம் தானே வரைந்துவிட்டுக் காலையில் எசமானனுக்குத் தெரியாத படங்களைக் காட்டுவதில்லை. இரண்டு பெயர்களும் பொருந்தாத ஒன்றை நாம் எதிர்கொள்ளுகிறோம். பெயரில்லை என்பதற்காகப் பழைய பெயர்களுள் ஒன்றை அதன்மீது திணிப்பது சோம்பல்.

போர்த்துக்கீசியக் கலைஞர் லியோனெல் மோரா 2006 இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கென அமைத்த ரோபோ ஒன்றையும் ஒரு சொல்லால் சுட்டலாம். அதற்கு நிறமறியும் உணர்கருவி உண்டு. தாளில் போதிய நிறம் சேர்ந்துவிட்டதை அறிந்து, தானே நிறுத்தி, மூலையில் தானே கையொப்பமும் இடுகிறது. ஆரோனுக்கு இல்லாத கண் அதற்கு உண்டு. ஆரோனுக்குக் கற்பிக்கப்பட்ட ஓவிய அறிவு அதற்கு இல்லை. சில படங்களுக்குமேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது நம் கருத்து.

ஆரோனின் வரலாற்றில் நம்மை மிகவும் வருத்திய பகுதி அதன் வெற்றியை ஒட்டியே வருகிறது. வண்ணமிடும் திறனும் வந்தபின், கோஹெனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. இரவில் பொறியை ஓடவிட்டுக் காலையில் எழுந்து, குவிந்த படங்களில் எவற்றை அச்சிடுவது என்று பொறுக்கி எடுப்பதே வேலையாயிற்று. நாற்பதாண்டுகள் தேடியது கைக்கு வந்தபோது, உரையாடல் நின்றுவிட்டதை உணர்ந்தார். அப்போது அவர் செய்தது எதிர்பாராதது. வண்ணமிடும் பொறுப்பைப் பொறியிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். ஆரோன் கோடிட, எண்பதைக் கடந்த முதியவர் முதலில் தூரிகையாலும், பின்னர்ப் பெரிய தொடுதிரையின்மேல் விரலாலும் வண்ணமிட்டார். இவ்வாறு பிறந்த இறுதிப் படங்களில் பொறியின் கோடும் மனிதனின் வண்ணமும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. சில இடங்களில் வண்ணம் கோட்டை மூடிவிடுகிறது. சில இடங்களில் கோடு பணிய மறுக்கிறது. ஆரோனின் படங்களுள் தலைசிறந்தவை இவையே என்று நாம் தயங்காது கூறுவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இயற்கைச் சமயத்தார் கடவுளைக் கடிகாரம் செய்பவராக எண்ணினர் என்பதைத் திருச்சபை வரலாற்று வகுப்பில் படிக்கிறோம். கடிகாரம் பழுதின்றி ஓடுவதே செய்தவரின் பெருமை; அவர் இனி அருகில் இருக்கத் தேவையில்லை. அக்கொள்கையை நாம் வழக்கமாகப் படைப்பின் பக்கமிருந்து மறுக்கிறோம்: கைவிடப்பட்ட உலகம் எத்துணை வறியது என்கிறோம். கோஹெனின் முதுமையோ அதனைச் செய்தவரின் பக்கமிருந்து காட்டுகிறது. தன்னை வேண்டாத ஒன்றைச் செய்து முடித்தவன் அதன் எதிரே வேலையற்று அமர்ந்திருக்கிறான். தொடர்ந்து படைத்தலைப் பற்றிய கோட்பாட்டை, உலகத்தின் தேவையாக மட்டுமன்றிப் படைத்தவரின் அன்பாகவும் கற்பிக்க வேண்டுமென்று இவ்வோவியர் நம்மைத் தூண்டுகிறார். அவர் இறையியலை எண்ணிச் செய்தாரென்று நாம் சொல்லவில்லை. அவருக்குத் தம் படங்களைப் பற்றிய கவலையே போதுமானதாயிருந்தது.

இனி, பெயரைப் பற்றி. கோஹென் என்னும் குடும்பப்பெயர் எபிரேயத்தில் ஆசாரியன் எனப் பொருள்படும். ஆசாரியனின் நிரல் முதல் ஆசாரியனின் பெயரைப் பெற்றது. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தில் தொடங்கினால் அடுத்தடுத்து வரும் நிரல்களுக்கு அடுத்தடுத்த எழுத்துகளில் பெயரிடலாம் என்பதே காரணம் எனச் சொல்லப்படுகிறது. அடுத்தது வரவேயில்லை, ஆரோனோடு அவர் ஆயுள் முடிந்தது. திருமறையின் ஆரோனோ நாவன்மை இல்லாத மோசேக்கு வாயாக அமர்த்தப்பட்டவன். பிறர் தரும் சொல்லைப் பேசுபவன் என்ற அளவில் பெயர் பொருந்துகிறது. ஆயின் அவனைப் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. யாத்திராகமம் 32 ஆம் அதிகாரத்தில், பொன்னைத் தன் கையால் உருக்கி உருவமைத்தவன், மோசே வந்து வினவும்போது, பொன்னை நெருப்பிலே போட்டதாகவும் கன்றுக்குட்டி தானே வெளிவந்ததாகவும் சாதிக்கிறான். விளக்கவுரையாளர் பலர் இதனை நகைச்சுவை என்று கடந்துவிடுவர். இக்காலத்தில் அதனைக் கடந்துவிட இயலாது என்று நினைக்கிறோம்.

2018 அக்டோபரில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில், பாரிசைச் சேர்ந்த ஓப்வியஸ் என்னும் குழுவினர் கணிப்பொறியால் உருவாக்கிய உருவப்படம் ஒன்று 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. பழைய உருவப்படங்கள் பல்லாயிரத்தைப் பொறிக்கு ஊட்டி, அவற்றை ஒத்த புதியதொன்றை ஈனச் செய்தனர். நிரலின் பெரும்பகுதியும் வேறோர் இளைஞர் பொதுவில் அளித்தது. ஓவியர் பெயர் இருக்க வேண்டிய மூலையில் ஒரு கணிதச் சூத்திரத்தைப் பொறித்திருந்தனர். படமோ மங்கிய முகமொன்று. இருமுறை பார்க்கத் தக்கதன்று. நம் கண்ணை நிறுத்துவது அச்சூத்திரமே. போட்டோம், வெளிவந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எழுதுவது கடினம். யாருடைய உருவப்படங்கள் நெருப்பிலே போடப்பட்டன, யார் போட்டார், எதற்கு அவர் பொறுப்பாளர் என்பதையெல்லாம் சூத்திரம் மூடிவிடுகிறது.

கோஹெனின் ஆரோன் அவ்வாறு செய்யவில்லை. அதனுள்ளே பிறருடைய படம் ஒன்றுகூட ஊட்டப்படவில்லை. ஒவ்வொரு விதியையும் எழுதியவர் ஒருவர். ஏன் எழுதினார் என்று கேட்டால் சொல்லக்கூடியவர். இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ள 1982 ஆம் ஆண்டின் கணிப்பொறிக் கோட்டுப்படத்தின் பெயர்ச்சீட்டில் ஹெரால்ட் கோஹென் என்றே இருக்கிறது. அக்கோடு எங்கே திரும்பும் என்று அவர் முன்னறிந்திலர். ஆயினும் அதற்கு விடை சொல்ல அவர் நின்றார். முன்னறியாததற்கும் பொறுப்பேற்கலாம் என்பதை அறியாதார், பிள்ளைகளைப் பெற்றவரல்லர் போலும்.

இவ்வேறுபாடு ஓவியத்தோடு நிற்பதன்று. ஞாயிறு மறையுரையைப் பொறியிடம் கேட்டுப் பெறுவது தகுமா என்று இன்று நம் மாணவர் தம்முள் விவாதிக்கின்றனர். பொறியைத் தொடலாமா கூடாதா என்னும் வடிவில் அவ்வாதம் நடக்கும்வரை பயனில்லை. ஆரோனின் எடுத்துக்காட்டு வேறு வினாவைக் கேட்கத் தூண்டுகிறது. பொறிக்குள் இருப்பதை எழுதியவர் யார், அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது, சபையில் ஒரு விதவை எழுந்து, ஐயா, இதை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டால் விடை சொல்லப் பீடத்தில் நிற்பவருக்கு இயலுமா? இயலாதென்றால், அவர் எந்த ஆரோனாகிறார் என்பதை யாத்திராகமத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தாம் மறைந்தபின்னும் புதிய ஓவியங்களால் கண்காட்சி நடத்தப்படும் முதல் ஓவியர் தாமாகவே இருக்கக்கூடும் என்று கோஹென் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2024 இல் நியூயார்க் விட்னி கலைக்கூடம் ஆரோனுக்கென ஒரு கண்காட்சி நடத்திற்று. பழைய நிரல்களை மீண்டும் இயக்கி, பார்வையாளர் கண்முன்னே வரைபொறிகள் கோடிழுத்தன. மூடிய உருவங்கள், அவற்றினருகே நெளிகோடுகள், இடையிடையே வெற்றிடம். எட்டாண்டுகளுக்கு முன் மறைந்தவர் ஒருபோதும் காணாத படங்கள் அவை. அவற்றின் மூலையில் யார் பெயரை எழுதுவது என்பது எளிய வினாவன்று. கோஹென் என்றே எழுத வேண்டுமென்பது நம் கருத்து. ஆனால் வண்ணமிட அவர் கை இல்லாத அப்படங்களில் வழக்காடுவாரும் இல்லை.